காணாமற்போன ரெண்டு படி

கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை.

"அம்மா, இந்தச் சாவியை வேற யாருக்காவது குடுத்திருங்க."

வடிவம்மை முறத்தில் பருப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மடத்துக்கு அவர்தான் தலைவி. எதிரே நின்றவர் சீடர் நல்லபெருமாள். தலை நரைத்த மனுஷன். மடத்துச் சோற்றுக்கு அரிசி அளந்து போடுகிறவர்; அரிசி அறைச் சாவி அவரிடம்தான் இருக்கும்.

"சாவி என்ன பண்ணிச்சு?"

"அது ஒண்ணும் பண்ணலை. நான்தான் என்னமோ பண்ணியிருக்கேன்." சாவியைத் தரையில் வைத்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் பேச்சி. மடத்தில் காய் நறுக்கும் சுடலியின் மகள், பத்தாவது படிக்கிறாள். கையில் சுருட்டின சார்ட்.

"நீ சொல்லு தாயி."

"பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு, பாத்திரங்களுக்குக் கனஅளவு கண்டுபிடிச்சுட்டு வரச் சொன்னாங்க. எங்க வீட்டுல இருக்கிறதே ரெண்டு தூக்குச்சட்டி. அதான் மடத்து அரிசி டிரம்மை எடுத்துக்கிட்டேன். டிரம்மையும் படியையும் டேப் வச்சு அளந்து கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு படி பிடிக்கணும்."

"சரி."

"சரிபாக்கணும்லா. டிரம்மு விளிம்பு வரைக்கும் அரிசி இருந்துச்சு. பெருமாள் மாமா அம்புட்டையும் படியால அளந்து சாக்குல போட்டாரு. இருபதுதான் வந்தது. திரும்ப டிரம்முலயே கொட்டிட்டோம்."

"சார் என்ன சொன்னாரு?"

"எது தப்புன்னு கண்டுபிடி, அப்பத்தான் கண்காட்சியில வைப்பேன்னாரு." பேச்சியின் குரல் இறங்கியது. "பின் பெஞ்சுப் பயலுக, அந்த ரெண்டு படி உங்க மாமா வயித்துலதான் இருக்குன்னு சிரிச்சானுக."

நல்லபெருமாள் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இருபத்திரண்டுன்னே எழுதிருன்னு சொன்னேன். மாட்டேங்கா."

"எழுதினா மாமா அளந்தது பொய்யாயிரும்."

"எழுதலேன்னா?" அம்மை கேட்டார்.

"என் கணக்கு பொய்யாயிரும். அதுவும் பொய் இல்ல."

வடிவம்மை எழுந்து டிரம்முக்குப் போனார். முந்தானையை ஏந்தினார்.

"பெருமாளு, எனக்கு ஒரு படி போடு."

நல்லபெருமாள் படியை அரிசிக்குள் அமுக்கி எடுத்தார். இடது கையால் இன்னொரு பிடி அள்ளி மேலே வைத்தார். நுனி சரியாமல் நிற்கிற வரைக்கும் வைத்தார். அப்புறம்தான் கொட்டினார்.

"இன்னொண்ணு."

அதே அமுக்கல், அதே பிடி, அதே நுனி.

"பேச்சி, கையை நீட்டு."

அவர் கொட்டுவதற்குள் அம்மை படியின் விளிம்போடு உள்ளங்கையை இழுத்தார். மேலே நின்ற அரிசி பேச்சியின் கையில் விழுந்தது.

நல்லபெருமாள் துடித்துப்போனார். "என்னம்மா இது, தலை தட்டிட்டீங்க. வாங்குறவங்க முன்னாலயா தட்டுவாங்க."

"நீ தட்ட மாட்டியா?"

"எனக்கு அந்தக் கை வராதும்மா."

"பிள்ளைக்கு அளந்தப்பவும் வரலையா?"

"பிள்ளைக்குப் போய் எப்படி..."

அவர் கையிலிருந்த படியைப் பார்த்தார்.

அம்மை சாவியை எடுத்து அவர் இடுப்பில் செருகினார். பருப்பில் கல் கிடக்கிறது, பார்க்க வேண்டாமா. முறத்துக்குப் போய்விட்டார்.

பேச்சி கையிலிருந்த அரிசியை டிரம்மில் விட்டாள்.

"மாமா, ஒரு படி அள்ளுங்க. எப்பவும் அள்ளுற மாதிரி."

"எப்பவும் போலயா?"

"எப்பவும் போலத்தான்."

அவர் அள்ளினார். இடது கையால் ஒரு பிடி வைத்தார்; நுனி நின்றது. பேச்சி ஸ்கேலை நிறுத்தி, படிமேல் கூம்பாய் நின்ற அரிசியின் உயரம் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். இருபது படிக்கு இருபது கூம்பு. அத்தனையும் சேர்த்தால் ரெண்டு படி வந்தது.

சார்ட்டை விரித்தாள். அதில் படியைத் தட்டைத் தலையோடு வரைந்திருந்தாள். அந்தத் தலைமேல் ஒரு கூம்பு வைத்தாள். ஆரம், உயரம் என்று மற்றதற்கெல்லாம் குறித்தது போலவே, கூம்புக்கும் ஓர் அம்பு போட்டுப் பெயர் எழுதினாள்.

மாமா கை.