மைனாவுக்கு வாயைக் காட்டாத குரங்கு

குளக்கரைக் காட்டில் சடையாண்டி என்றொரு குரங்கு இருந்தது. வாழைப்பழம் தின்னும் போட்டியில் அதை அடிக்க ஆளே கிடையாது. ஒரே நேரத்தில் நான்கு பழங்களை வாய்க்குள் தள்ளிவிடும். வருஷா வருஷம் பரிசாக முதல் பலாப்பழம் அதற்குத்தான்.

குளத்துக்குப் போகும் வழியில் கூரான் என்ற முள்ளம்பன்றி கடை போட்டிருந்தது. மலைப்பாதை லாரிகளிலிருந்து விழும் புகையிலைப் பாக்குப் பொட்டலங்களைப் பொறுக்கி வந்து விற்கும். சடையாண்டி காலையில் ஒரு பொட்டலத்தைக் கன்னப்பையில் அடக்கினால் சாயங்காலம்தான் துப்பும். பெண்டாட்டி பூவாயி என்ன கேட்டாலும், "ம்ம்" என்பதுதான் பதில்.

அமாவாசை தோறும் காலையில் காட்டு விலங்குகள் குளக்கரையில் வரிசையாக உட்கார்ந்து வாயைத் திறக்கும். மைனா ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்த்து, முள்ளோ புண்ணோ இருந்தால் சொல்லும். முதலைகூடத் தவறாமல் வரும். அதன் முறை வரும்போது மட்டும் மைனா கொஞ்சம் அவசரப்படும்.

சடையாண்டி மட்டும் வருவதில்லை.

"இன்னிக்கு எனக்கு விரதம்!" என்றது முதல் மாதம்.

"விரதம்னா சாப்பிடத்தானே கூடாது? திறந்து காட்டலாமே!" என்றது மைனா.

"ராகுகாலம்!" என்றது அடுத்த மாதம்.

மூன்றாம் மாதம் பூவாயி கையைப் பிடித்து இழுத்தது. "காரம் பட்டாலே எரியுதுன்னு துள்றீங்க. ஒரு தடவை காட்டினா என்னவாம்?"

"பைத்தியக்காரி! பார்த்தாத்தானே ஏதாவது இருக்கும்? பார்க்கலேன்னா ஒண்ணும் இல்லே!"

இப்படியும் ஒரு வைத்தியம்!

பலாப்பழக் காலம் வந்தது. போட்டிக்குக் காடே கூடியது. சடையாண்டி மீசையைத் தடவிக்கொண்டு முதல் வாழைப்பழத்தை எடுத்தது. பழம் உள்ளே போகவில்லை. திருப்பிப் பார்த்தது. நசுக்கிப் பார்த்தது. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவே இல்லை.

"நான் இப்பல்லாம் நாகரிகமா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடறது!" என்று சமாளித்தது.

அது பாதிப் பழத்தை நக்கி முடிப்பதற்குள் ஓர் அணில் ஒரு பழத்தை முழுசாகத் தின்று ஜெயித்துவிட்டது. காடு குலுங்கிச் சிரித்தது. பூவாயி மட்டும் சிரிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு விம்மியது.

அந்த விம்மலைக் கேட்டதும் சடையாண்டிக்கு வீறாப்பெல்லாம் போய்விட்டது. மைனாவின் முன் போய் உட்கார்ந்து, திறந்த மட்டும் வாயைத் திறந்தது.

மைனா வெகுநேரம் பார்த்தது. "கன்னத்துக்குள்ளே வெள்ளைத் திட்டு இருக்கு. சதையும் இறுகிப் போச்சு. இது இன்னும் புற்று இல்லே. ஆனா விட்டா ஆயிடலாம். இன்னியோட பொட்டலத்தை விடணும். கரடி வைத்தியர்கிட்ட இப்பவே போகணும். அமாவாசைக்கு அமாவாசை எனக்கும் காட்டணும்!"

எல்லோரும் கூரானைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானா ஊட்டி விட்டேன்? அவனாத்தானே வந்து வாங்கினான்!" என்று முள்ளைச் சிலிர்த்தது கூரான்.

"சரி, நீ என்னிக்காவது இதைப் போட்டிருக்கியா?" என்று கேட்டது யானை.

"சேச்சே! நான் பிள்ளைகுட்டிக்காரன்!"

அவ்வளவுதான். யானை நடந்து போய்க் கடையின் மேல் உட்கார்ந்தது. எழுந்தபோது கடை இல்லை. இனி காட்டுக்குள் பொட்டலம் வரக்கூடாது என்று அங்கேயே தீர்மானமானது. பாதையில் விழுவதைப் பொறுக்கிக் குழிதோண்டிப் புதைக்கும் வேலையும் கூரானுக்கே கிடைத்தது.

பொட்டலத்தை விட்ட முதல் பத்து நாள் சடையாண்டி எல்லோர் மேலும் எரிந்து விழுந்தது. பூவாயி பொறுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் சடையாண்டி ஜெயிக்கவில்லை. ஒரே ஒரு பழம்தான் உள்ளே போனது. ஆனால் அமாவாசை வரிசையில் இப்போது முதல் ஆள் அதுதான். முதலைக்கு முன்னால் உட்கார்ந்து, "சீக்கிரம் பாரு மைனாக்கா!" என்று வாயைத் திறக்கிறது.

நோயைத் தரும் பழக்கத்தை நாம் விட வேண்டும், அதை விற்கும் கடையை ஊரே சேர்ந்து மூட வேண்டும், உடம்பில் சந்தேகம் வந்தால் ஒளிக்காமல் உடனே காட்ட வேண்டும்.