ஏழு பொன்னாடை

பொன்னாடை என்றால் உயிரை விடும் ஞானசிகாமணி, ரிமோட் கார் பந்தயச் சங்கத் தலைவர். தன் பந்தயக் காரின் மோட்டார் சூடாகாமலிருக்க, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை ஒரு ட்யூப் முழுசாக அதன்மேல் அப்பினார். பந்தயத்தன்று சோதனை ஓட்டத்திலேயே கார் கொதித்து நின்றது.

"பேஸ்ட்டைத் துடைக்காதே. சூடு மட்டும் இறங்கணும். இல்லன்னா உனக்கு வேலை இல்ல!" என்று மெக்கானிக் தமயந்தியிடம் விழா மேடையிலிருந்தே உறுமினார்.

"ஆகட்டும் சார்" என்ற தமயந்தி மேடையேறி, அங்கே அடுக்கியிருந்த பொன்னாடைகளை ஒவ்வொன்றாக அவருக்குப் போர்த்தினாள். உச்சி வெயில். ஏழாவதில் தலைவருக்கு மூச்சு முட்டியது.

"போதும்மா! உடம்பு வேகுது, எல்லாத்தையும் எடு!"

"மோட்டாரும் அதைத்தான் சார் கேக்குது. சூட்டை வெளியேத்துற ஹீட்சிங்க் ஒட்டுற இடத்துல மெல்லிசா ஒரு பூச்சு போதும்."

"துடைச்சுத் தொலை!"

பந்தயத்தில் கார் ஜெயித்தது. எட்டாவது பொன்னாடையோடு ஒருவர் எழுந்ததும், தலைவர் கோப்பையைக்கூட வாங்காமல் காரைவிட வேகமாக ஓடினார்.