ஏழு இடத்தில் தடை

வேதமூர்த்திக்கு ஐம்பத்தாறு வயது. ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். அவருக்குக் குருவாக வாய்த்த ஹெப்சிபாவுக்கு முப்பத்துமூன்று. மகள் வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்பதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. எரிச்சல் மட்டும் நிறைய இருந்தது.

பாடம் சைக்கிள் பாதை போடுவது. சென்னைக்குத் தெற்கே, தாம்பரம் தாண்டி, செங்கல்பட்டுப் பக்கம் தரை தட்டையாகக் கிடக்கிறது. மேடு என்று சொன்னால் ஏரிக்கரைதான் மேடு. கரைமேல் செம்மண், கால்வாய் ஓரம் சரளை, வயலுக்கு நடுவே வண்டித்தடம். தார் ரோட்டைக் கூடியவரை தொடாமல் இவற்றையெல்லாம் கோத்து ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஒரு பாதை பிடித்து, அகல டயர் சைக்கிளில் ஓட்டுவதற்கென்றே நகரத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு நாற்பது பேர் கிளம்புவார்கள். பெரும்பாலான பாதைகளை ஒன்பது வருடமாகப் போட்டு வருபவள் ஹெப்சிபா. மற்றவர்கள் போட்டாலும் அவள் சரி என்றால்தான் சரி.

கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாதை போட்டவர்தான் அன்றைக்கு முதல் சைக்கிள். மற்ற முப்பத்தொன்பது பேரும் அவர் பின்னால். வேதமூர்த்திக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இருபத்தெட்டு வருடம் அவர் போட்ட அட்டவணைப்படி லட்சக்கணக்கான ஜனங்கள் ரயில் ஏறினார்கள், ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது முன்னால் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை.

ஹெப்சிபாவோ கையில் இருக்கும் அந்த உரிமையை யாருக்காவது கொடுத்துவிட்டு எப்போதும் கடைசியில் வருவாள். எல்லோரும் டீக்கடையில் இரண்டாவது டீயைக் குடித்து முடித்த பிறகு ஆடி அசைந்து வந்து சேருவாள். இருபத்தைந்து நிமிடத் தாமதம். ஒரு ரயில் இப்படி வந்தால் எத்தனை பேர் விளக்கம் கேட்பார்கள் என்று வேதமூர்த்தி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிச் சொல்லி மாய்வார்.

கீழ்மணப்பாக்கம் ஏரியைச் சுற்றி அறுபத்திரண்டு கிலோமீட்டரில் அவர் ஒரு பாதை போட்டார். கையோடு ஒரு தாளும் தயாரித்தார். எத்தனை மணிக்கு எந்த மதகு, எங்கே சரளை, எங்கே மணல், எங்கே தடை, எல்லாம் கட்டம் கட்டமாக. ஹெப்சிபா தாளை வாங்கினாள். பிரித்துக்கூடப் பார்க்காமல் முதுகுப் பையில் செருகிக்கொண்டாள்.

"வழியில யாரைப் பார்த்தீங்க சார்?" என்றாள்.

மாடு மேய்க்கிறவர் ஒருவர், மோட்டார் கொட்டகையில் இரண்டு பேர் என்றார்.

"சரி. இன்னொரு தடவை போயிட்டு வாங்க."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். நாற்பது சைக்கிள் போகிற வழியில் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது, அவ்வளவுதானே. இரண்டு வாரம் கழித்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிப் போய்வந்தார். ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன், அவரும் தூரத்தில் என்றார். மறுபடியும் அதே பதில். மூன்றாம் முறை, கோழி கூவுகிற நேரத்துக்கே புறப்பட்டார்.

"ஈ காக்கா இல்ல மேடம். பாதை சுத்தமா காலி," என்று வந்து சொன்னார். கூட்டத்தில் எல்லோரும் அவளை அக்கா என்பார்கள். அவர் நாக்குக்கு அது வரவில்லை, அதனால் மேடம்.

ஹெப்சிபா கேட்டுக்கொண்டாள். "இன்னொரு தடவை போகணும் சார்."

வேதமூர்த்திக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று தடவையில் நூற்றெண்பத்தாறு கிலோமீட்டர் மிதித்தாயிற்று. முட்டி வீங்கிவிட்டது. வீட்டில் மனைவி இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். கூட்டம் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைக்கு நாலே நாள்தான் இருக்கிறது.

"என்ன குறைன்னு வாயைத் திறந்து சொல்லுங்க மேடம். சொன்னா திருத்திக்க மாட்டேனா?"

"என்னன்னு எனக்கும் தெரியல சார். ஏதோ விட்டுப்போயிருக்கு. நாளைக்கு நானும் வரேன், நீங்க முன்னாடி போங்க."

காலை ஐந்து மணி என்று பேச்சு. அவள் வந்தது ஏழேகாலுக்கு. அதற்குள் வெயில் ஏறிவிட்டது, வயலில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள், ஆடுகள் தெருவுக்கு வந்துவிட்டன. அவர் பார்த்துப் பார்த்துக் காலி செய்து வைத்திருந்த பாதை முழுக்க ஜனம். வேதமூர்த்தி வேகமாக மிதித்தார். வாயைத் திறந்தால் ஏதாவது வந்துவிடும் என்று அவருக்கே பயமாக இருந்தது.

ஏரிக்கரையிலிருந்து கீழே இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும், வண்டித்தடத்தை அடைத்து வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டிருந்தது. அவர் அலுத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் இங்கே இதே ரோதனை. எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போனால், அடுத்த முறை வருவதற்குள் எவனோ வேலையற்றவன் மறுபடி இழுத்துப் போட்டுவிடுகிறான். இன்றைக்கு இரண்டு மடங்கு முள், அதன் மேல் கம்பி வேறு சுற்றியிருந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கம்பியை அவிழ்க்கக் குனிந்தார்.

"யார் போட்டது சார் இது?" என்றாள் ஹெப்சிபா.

"யாருக்குத் தெரியும்?"

அவள் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு முள்ளுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தாள். எழுந்திருக்கிற எண்ணமே அவளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. போயும் போயும் இப்படி ஒரு குருவைத் தேடிப் பிடித்தோமே என்று நொந்துகொண்டு நின்றார்.

பதினேழாவது நிமிடத்தில் வரப்பு மேல் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் அரிவாள், இன்னொரு கையில் புதிதாக வெட்டிய முள்ளை இழுத்துக்கொண்டு வந்தார். சைக்கிள்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஹெப்சிபா எழுந்து தன் பெயரையும் வந்த காரியத்தையும் சொன்னாள், அவர் பெயரைக் கேட்டாள். கன்னியப்பன் என்றார். இரண்டு பக்கமும் அவர் நிலம்தான். முள்ளுக்கு அந்தப் பக்கம் நாற்றங்கால் விட்டிருந்தாராம்.

"நாத்தங்கால் இப்ப எங்க கீது?" என்றார் கன்னியப்பன். "மூணு தபா எவனோ காலங்காத்தால வந்து முள்ளைத் தூக்கிக் கடாசிட்டுப் பூட்டான். ஊரு ஆடு மொத்தமும் உள்ள. முதல் தபா பாதி போச்சு, ரெண்டாவது தபா மீதியும் போச்சு. திரும்ப வெதச்சேன், போன வாரம் அதுவும் போச்சு. சைக்கிள் டயர் தடம் மட்டும் இருந்துச்சு. நல்ல அகல டயரு."

வேதமூர்த்தி தன் சைக்கிள் டயரைப் பார்த்தார். பேசாமல் நின்றுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அகல டயர் அவரிடம் மட்டுமா இருக்கிறது? கூட்டத்தில் நாற்பது பேரிடமும் இருக்கிறது. சொன்னால் பாதை போச்சு, ஞாயிற்றுக்கிழமை போச்சு, முதல் சைக்கிளும் போச்சு. ஹெப்சிபா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் நாற்றங்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டுக் குளம்பு மிதித்து மிதித்துச் சேறாகிக் கிடந்தது அது.

"நான்தாங்க," என்றார் வேதமூர்த்தி. "மூணு தடவையும் நான்தான். யாரோ வேணும்னே வழியை அடைக்கிறாங்கன்னு நினைச்சுட்டேன்."

கன்னியப்பன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பேனே சார். தோ, அங்கதான் வூடு," என்றார்.

இனி மூன்றாவது முறை விதைத்து முளைத்து நடுவதற்குள் ஐப்பசி மழை வந்து பயிரை மூழ்கடித்துவிடும் என்றார். பக்கத்து ஊரில் நாற்று மிச்சம் இருக்கிறது, பறித்துச் சுமந்து வரத்தான் ஆள் கிடைக்கவில்லை என்றார். நாளையும் மறுநாளும் நான் வந்து சுமக்கிறேன் என்றார் வேதமூர்த்தி. கன்னியப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். நம்பின மாதிரித் தெரியவில்லை.

அப்புறம் ஹெப்சிபா ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொன்னாள். அவர் வேண்டாம் என்றால் இந்தப் பக்கம் ஒருவரும் வர மாட்டார்கள் என்றாள். கன்னியப்பன் பெருமூச்சு விட்டார்.

"இது வண்டித்தடம், யாரு வேணாலும் போலாம். நாப்பது பேருன்றீங்க. அதுல கடைசி ஆளு யாரு?"

கேள்வி வேதமூர்த்திக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, முள்ளைத் திரும்ப இழுத்து வழியை மூடிவிட்டு வர வேண்டியவர் கடைசி ஆள்தான். ஒவ்வொரு மாதமும் அந்த இருபத்தைந்து நிமிடம் ஹெப்சிபா எங்கே போகிறாள் என்பதும் கூடவே விளங்கியது. டீக்கடையில் உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசியதெல்லாம் ஞாபகம் வந்து காது சூடாகிவிட்டது.

ஹெப்சிபா வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான்தாங்க கடைசி."

கன்னியப்பனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "தொறந்து வுட்டவரே மூடறதுக்கும் வரணுமா? ஏம்மா, உங்ககிட்ட வேற ஆளே இல்லியா?"

ஹெப்சிபா முதுகுப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து முதல் தடவையாகப் பிரித்தாள். கட்டங்களின் மேல் விரலை வைத்து நிறுத்தி நிறுத்திப் படித்தாள். சிவப்பு மையில், அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில், 'தடை: நீக்கியாயிற்று' என்று ஏழு இடத்தில் எழுதியிருந்தது. படித்து முடித்துத் தாளை மடித்து வேதமூர்த்தியிடமே கொடுத்தாள்.

"ஆள் இருக்காங்கண்ணா," என்றாள். "ஆனா இதே மாதிரி தொறந்து விட்ட மீதி ஆறு இடத்துலயும் போய் நிக்க வேண்டியவர் இவர்தான்."