செய்தியைக் கவ்வி வந்த பூனை

இது எனக்கு நேராக வந்த கதை அல்ல. பொங்கல் விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய என் அறைத்தோழி சொன்னது. அவளுக்கு அவள் சித்தி சொன்னதாம். எந்த ஊரில் நடந்தது என்று சித்தி சொல்லவில்லை. அதனால் நானும் ஊர்ப்பெயர் எதையும் சேர்க்கவில்லை.

அந்தக் காலத்தில், பறவைகளும் விலங்குகளும் மனிதர்களோடு பேசிப் பழகிய நாட்களில், நல்ல செய்தி சொல்வது தவிட்டுக்குருவிகளின் வேலையாக இருந்தது. கெட்ட செய்திக்கு ஆள் தேவைப்படவில்லை. அது எப்படியோ தானே வந்து சேர்ந்துவிடும். நல்ல செய்திதான் வழியில் சோம்பி உட்கார்ந்துகொள்ளும். அதை எழுப்பிக் கூட்டி வர ஒருவர் வேண்டியிருந்தது.

தவிட்டுக்குருவிகள் உயரப் பறப்பவை அல்ல. தரையோரமாகப் பறந்து, புதருக்குப் புதர் தாவி, ஊர் ஊராகப் போயின. பெரிய செய்திதான் வேண்டும் என்று அவை கேட்டதில்லை. மாடு கன்று போட்டது, கிணற்றில் ஊற்றுக் கண்டது, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஒரு குழந்தை பிடிமானம் இல்லாமல் நின்றது, எல்லாவற்றையும் ஒரே மகிழ்ச்சியோடு சுமந்தன. ஒரு செய்திக்கு ஒரு குருவி. யாருக்கு உரிய செய்தியோ அவரிடம்தான் அது வாயைத் திறக்கும். வழியில் தன் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்லாது. வாசற்படியில் வந்து நின்று சொல்லி முடித்ததும், வீட்டுக்காரி வெல்லம் பிசைந்த தவிட்டை முன்னால் வைத்து, "உன் வாய்க்குச் சக்கரை போடணும்" என்பாள்.

பண்டிகைக்கென்று நாள் குறிக்கும் வழக்கம் அப்போது இல்லை. நல்ல செய்தி வந்த நாள்தான் பண்டிகை. மலையடிவாரத்து அந்த ஊரில் அதை நோம்பி என்றார்கள். செய்தி பெரிதாக இருந்தால் ஊரே வேலையை நிறுத்திவிட்டுப் பலகாரம் சுடும். எது பெரிது என்பதில்தான் சண்டை வரும். சடையன் என்று ஒருவன் இருந்தான். பக்கத்து ஊரில் ஒரு கோழி குஞ்சு பொரித்தது என்றாலும் அவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிடுவான்.

அந்த ஊரில் மாராயி ஒற்றை ஆளாக ஒரு பசுவையும் ஒரு சோளக்காட்டையும் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள் காத்தாயியை மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த காத்தாயிக்குப் பிறந்த பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. மறுபடி உண்டானபோது, "இந்த முறை இங்கேயே இருக்கட்டும்" என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டார்கள். மாராயியால் அதற்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. சோளம் முற்றி நின்றது, காட்டை விட்டுப் போகவும் முடியவில்லை. மாதம் நிறைந்துவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் கண் மலைப்பாதையிலேயே இருந்தது.

தவிட்டுக்குருவி நல்லதை மட்டும்தான் சொல்லும். குருவி வராவிட்டால் அதுவே பதில். மாராயியை அரித்தது இதுதான்.

"அக்கா, சேதி வந்துதா? நான் அரிசி ஊறப்போடலாமா?" என்று சடையன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"உனக்கு நோம்பின்னா போதும். என் வயிறு எரியுறது உனக்குத் தெரியுதா?"

"வயிறு எரியுதுன்னுதான் பலகாரம்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் சடையன் குரலைத் தாழ்த்தினான். "வரும், அக்கா. உன் மக கெட்டிக்காரி."

மாராயி வீட்டில் ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம், பெயர் நரையன். காட்டிலிருந்து வந்து வீட்டில் தங்கிய முதல் பூனை அதுதான் என்பார்கள். மாராயி அதற்குப் பாலும் சோறும் குறைவில்லாமல் போட்டாள். ஆனாலும் அது வேட்டையை விடவில்லை. சோளக்குதிரில் எலி பிடித்தால் அங்கேயே தின்னாமல் கவ்விக்கொண்டு வந்து அவள் காலடியில் போடும். குருவிக்குச் சொல்லும் அதே வார்த்தையை அவள் பூனைக்கும் சொன்னாள்: "உன் வாய்க்குச் சக்கரை போடணும்டா நரையா." நரையன் அந்த வார்த்தைக்காகவே வாழ்ந்தது.

மகளை நினைத்துக் காத்திருந்த நாட்களில் அவள் அந்த வார்த்தையை மறந்துபோனாள். எலி கிடக்கும், அவள் தாண்டிப் போவாள். நரையனுக்கு அது பொறுக்கவில்லை.

"ஆத்தா, யாரைப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

"சேதிக்குருவியைத்தாண்டா. எந்தப் புதரில் பராக்குப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோ! அதை யாராச்சும் போய்ச் சட்டுன்னு கொண்டாந்தாத் தேவலை."

"நான் கொண்டாரட்டுமா?"

மாராயி பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கேட்டது யார் என்றுகூட யோசிக்கவில்லை.

"போ, போய்க் கொண்டா" என்றாள்.

நரையன் வாலைத் தூக்கிக்கொண்டு போனது.

வெயில் சாயத் தொடங்கியபோது திரும்பி வந்தது. அதன் நடையில் அவ்வளவு பெருமை. வாசற்படி ஏறி, வாயில் இருந்ததை மெதுவாக, ஒரு இறகும் கலையாமல் மாராயியின் முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது.

தவிட்டுக்குருவி. உடம்பில் சூடு இன்னும் ஆறவில்லை.

"கொண்டாந்துட்டேன், ஆத்தா. கேளு" என்றது நரையன்.

மாராயி குனிந்து பார்த்தாள். குருவி அசையவில்லை.

"வழியெல்லாம் பேசிக்கிட்டேதான் வந்துச்சு. இப்பத்தான் நிறுத்திருச்சு. கொஞ்சம் தட்டிப் பாரேன்."

"என்னடா பேசுச்சு?"

"நான் கேக்கலை. சேதி உனக்குத்தானே?"

மாராயி குருவியைக் கையில் எடுத்தாள். காதோடு வைத்துப் பார்த்தாள். நல்ல செய்தி ஒன்று அந்தச் சிறிய உடம்புக்குள் இருந்தது. அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் யாருடைய நல்ல செய்தி? மலைப்பக்கம் எத்தனையோ ஊர்கள் இருந்தன. காத்தாயி பிழைத்த செய்தியாக இருக்கலாம். யார் வீட்டிலோ கிடாரி கன்று போட்ட செய்தியாகவும் இருக்கலாம்.

"நான் கூட்டிக்கிட்டு வரத்தானேடா சொன்னேன்" என்றாள் அழுதுகொண்டே.

"எனக்குக் கை இல்லையே, ஆத்தா. வாயால்தானே கொண்டாரணும்?"

அதற்குள் வேலியெங்கும் தவிட்டுக்குருவிகள் வந்து இறங்கிவிட்டன. சத்தம் கேட்டுச் சடையன் ஓடிவந்தான். குருவிகளில் ஒன்று வாசற்படிக்கே வந்து மாராயியின் கையில் கிடந்ததைப் பார்த்தது. அது இறந்தவளின் தங்கை.

"யார் செய்தது?"

"நான்தான்" என்றது நரையன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

குருவிகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. அவற்றின் கண்ணைப் பார்த்ததும் அவை பூனையைக் கொத்திக் கிழிக்காமல் விடாது என்று மாராயிக்குத் தெரிந்துபோயிற்று. நரையனை மடியில் இழுத்து முந்தானையால் மூடினாள்.

"அக்கா, விடு" என்று சடையன் அவள் காதருகே குனிந்து அவசரமாகச் சொன்னான். "பூனை செஞ்சதைப் பூனை ஒத்துக்கிச்சு. அதோட போகட்டும். இதுங்களைப் பகைச்சுக்கிட்டா நம்ம ஊருக்கு யார் சேதி சொல்லுவா? நோம்பி ஏது நமக்கு?"

அவன் சொன்னதில் தப்பில்லை. மாராயிக்கும் அது புரிந்தது. முந்தானைக்குள் நரையன் நடுங்கவில்லை. தன்னை ஏன் மூடினாள் என்றுகூட அதற்குத் தெரியவில்லை, அவள் விரலை நக்கிக்கொண்டிருந்தது.

"போய்க் கொண்டான்னு சொன்னது நான். அதுக்கு வேற எப்படிக் கொண்டாரத் தெரியும்? கேக்கறதை என்னைக் கேளுங்க" என்றாள் மாராயி.

எழுந்த குருவிகள் மறுபடி வேலியில் இறங்கின. தங்கைக்குருவிதான் பேசியது.

"பூனை தானாகச் செய்திருந்தால் அது பூனையோடு முடிந்திருக்கும். உங்களுக்காக ஓடுகிற எங்களைப் பிடித்து வர நீங்களே ஆள் அனுப்பினால், இனி எங்களுக்கு உங்கள் வாசலில் என்ன வேலை?"

"வேண்டாம்னா விட்டுருங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. உங்கக்கா என்ன சேதி கொண்டாந்தா?"

"தெரியாது" என்றது தங்கை. "அவள் என்னிடம் சொல்லவில்லை. சொல்வது எங்கள் வழக்கம் இல்லை. தனியாகப் போனாள், செய்தியும் அவளோடு போயிற்று. இந்தத் தப்பு எங்களுடையது. இனி ஒருத்தி வாயில் மட்டும் எதையும் வைக்க மாட்டோம்."

சொல்லிவிட்டுத் தன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியது. அடுத்த நொடி எல்லாக் குருவிகளும் ஒன்றுக்கொன்று, ஒரே நேரத்தில், தாங்கள் அறிந்ததையெல்லாம் கத்திச் சொல்லத் தொடங்கின. ஒரு குரலும் தனித்துக் கேட்கவில்லை. மனிதர்களுக்குப் புரிந்த குருவிப்பேச்சு அன்றோடு முடிந்தது.

மாராயி குருவியைப் பூவரச மரத்தடியில் புதைத்தாள். "சடையா, காட்டையும் மாட்டையும் பாத்துக்கோ. சேதி வராட்டி என்ன? எனக்குக் கால் இருக்குது" என்று சொல்லிவிட்டு மலையேறினாள்.

நல்ல செய்திதான், நல்ல செய்திதான் என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். யாருடையது, யாருடையது என்று மனசு கேட்டுக்கொண்டே வந்தது. மறுநாள் காலை மகள் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தாள். அப்போது மகள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

கட்டிலில் காத்தாயி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா, குருவி வரலியா? பொம்பளைப் பிள்ளை, அப்படியே உன் மூக்குன்னு சொல்லி அனுப்பினேனே! 'மத்த சேதியெல்லாம் அப்புறம், இதைக் கேட்டதும் உங்கம்மா முகம் எப்படி ஆகுதுன்னு நான் பாக்கணும்'னு சிரிச்சுக்கிட்டே போச்சே" என்றாள்.

மாராயி நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். காத்தாயி குழந்தையைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தாள்.

மாராயி ஊர் திரும்பியபோது சடையன் எல்லையிலேயே காத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டான். "இது நோம்பிதான், சந்தேகமே இல்லை" என்றான். பலகாரம் சுட்டுச் சாப்பிட்ட பிறகுதான் ஊருக்கு உறைத்தது: அடுத்த நோம்பி எப்போது என்று இனி யார் வந்து சொல்வார்கள்? உட்கார்ந்து பேசினார்கள். அறுவடையையும் நிலவையும் வைத்து நாள் குறித்துக்கொள்வது, அந்த நாட்களில் அவரவர் சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்துபோய்ச் செய்தி கேட்டு வருவது என்று முடிவாயிற்று. "சேதி வந்தா நோம்பின்னு இருந்தோம். இனிமே நோம்பி வந்தாச் சேதி" என்றான் சடையன். பண்டிகைக்குப் போன வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "என்ன விசேஷம்?" என்று நாம் கேட்பது அப்படி வந்ததுதான்.

மாராயி நரையனைத் துரத்தவில்லை. பாலும் சோறும் முன்போலவே போட்டாள். அந்த வார்த்தையை மட்டும் பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. நரையன் பல நாள் கேட்டுப் பார்த்தது: "அதுல என்ன சேதி இருந்துச்சு, ஆத்தா? நான் தப்பான குருவியைக் கொண்டாந்துட்டேனா? வேற கொண்டாரட்டுமா?" பதில் வரவில்லை. கேட்டுக் கேட்டு அதன் பேச்சும் ஓய்ந்தது, பார்வை மட்டும் மிஞ்சியது.

அன்று முதல்தான் பூனை, வயிறு நிறையச் சோறு போட்டாலும், குருவியையும் ஓணானையும் கவ்விக்கொண்டு வந்து நம் வாசலில் வைத்துவிட்டு, ஏதோ நல்லது சொல்லப்போகிறோம் என்பதுபோல நம் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தோழி சொன்னதில் சோதித்துப் பார்க்கக்கூடியது ஒன்று இருந்தது. விடுதிக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடியில் பல காலைகள் நின்று பார்த்தேன். தவிட்டுக்குருவிகள் தனியாக வருவதில்லை. கூட்டமாகத் தரையில் இரை தேடும்போது ஒன்று மட்டும் கிளையில் காவல் இருக்கிறது. விடுதிச் சமையலறைப் பூனை மூலையில் தலை காட்டியதும் அது குரல் கொடுக்கிறது. உடனே எல்லாம் சேர்ந்து, ஒன்று விடாமல், அதையே கத்துகின்றன.