ஏகாம்பரத்தின் மூங்கில் குச்சி

கண்ணைக் கட்டிவிட்டு, பின்பக்கமாக வண்டி எடுக்கச் சொன்னால் நீங்கள் எடுப்பீர்களா?

ஏகாம்பரம் மாட்டார். அதைச் சொல்லத்தான் நிலைய அலுவலர் தமயந்தியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

வீடுகளும் மெத்தைக் குடோன்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற புறநகர் அது. அங்கே தீயணைப்பு நிலையத்தில் ஏகாம்பரம்தான் மூத்த டிரைவர். தமயந்தி வயதில் சின்னவர். ஆனாலும் தொழிலில் சந்தேகம் வந்தால் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். அவர் வாயால் பதில் சொல்வது அபூர்வம். எதையாவது செய்து காட்டுவார்.

நிலையத்தில் இரண்டு வண்டி. ஒன்று பழசு, ஒன்று புதுசு. எதையாவது ஒன்றைப் பக்கத்து நிலையத்துக்குக் கொடுத்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அங்கிருந்து ஓட்டிப்போக வந்த டிரைவர், ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“புதுசையே அனுப்பிடுங்க மேடம். அது குருட்டு வண்டி,” என்றார் ஏகாம்பரம்.

“முந்தாநாள் வரைக்கும் பார்த்துச்சே அண்ணா.”

“நடிச்சிருக்கு. இன்னிக்கு ரிவர்ஸ் போட்டேன், பின்னாடி காட்டுற கேமராத் திரை முழுக்க இருட்டு. ஷெட்டுக்குப் பின்னாடி அங்கன்வாடிப் பிள்ளைங்க ஓடுது. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“பழைய வண்டி வந்தப்போ உங்க சீனியர் என்ன சொன்னார்?”

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“முனிரத்தினம் அண்ணனா? கயிறு இழுத்து அடிக்கிற மணிதான் அவருக்கு உசுரு. சைரன் வந்ததும், இது என்ன கல்யாண வீட்டு நாயனமா, எவன் ஒதுங்குவான்னு கேட்டார். கழட்டின மணியை மடியில வெச்சுக்கிட்டே தீ அணைக்கப் போவார். தண்ணி அளவு காட்டுற முள்ளையும் நம்ப மாட்டார். தொட்டிக்குள்ள மூங்கில் குச்சி விட்டுப் பார்ப்பார்.”

“நீங்க?”

“கிண்டல் பண்ணுவேன்.”

“அந்தக் குச்சி இப்போ எங்க?”

ஏகாம்பரம் கூரையைப் பார்த்தார்.

“புது வண்டியில. சீட்டுக்கு அடியில.”

“விட்டுப் பார்க்கிறீங்களா?”

“தினமும்.”

“திரையில காட்டுற அளவு சரியா இருக்கா?”

“இதுவரைக்கும் சரியாத்தான் இருக்கு. அதுதான் எனக்குச் சந்தேகமே.”

“பழசுக்கு?”

“அதுக்கு எதுக்கு மேடம்? அது நம்ம வண்டி.”

தமயந்தி எழுந்தார். தண்ணீர் பாட்டிலையும் மேசை துடைக்கிற துணியையும் எடுத்துக்கொண்டார்.

“புதுசுல ஏறி உட்காருங்க. ரிவர்ஸ் கியரை மட்டும் போடுங்க. பிரேக்கை விட்டுடாதீங்க.”

அவர் வண்டிக்குப் பின்னால் போனார்.

“நான் தெரியறேனா?”

“இல்லை. அதான் சொன்னேனே.”

தண்ணீர் ஊற்றும் சத்தம். துணியால் தேய்க்கும் சத்தம்.

திரை வெளுத்தது.

முதலில் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. விரல் முழுக்கச் சந்தனம், நுனியில் குங்குமம். அதற்குப் பின்னால் தமயந்தியின் முகம். அதற்கும் பின்னால், அங்கன்வாடி வாசலில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை.

நேற்றுப் பூஜையில் இரண்டு வண்டிக்கும் ஏகாம்பரம்தான் பொட்டு வைத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. புதுசின் பின்பக்கம் பொத்தான் மாதிரி வட்டமாக ஒன்று இருந்தது. பொட்டு வைக்கத் தோதான இடம் என்று, கெட்டியாகக் குழைத்து அழுத்தி வைத்தார்.

தமயந்தி இறங்காத கறையை இன்னொரு தரம் துடைத்தார். துணியைப் பிழிந்தார்.

“எந்த வண்டின்னு சொல்லுங்கண்ணே,” என்றார் வாழைக்கன்று ஓரம் நின்ற டிரைவர். “எங்க ஏரியாவுல ஒரு வண்டிகூட இல்லை.”

ஏகாம்பரம் பழைய வண்டியைப் பார்த்தார். அதன் நெற்றியில் மாலை இன்னும் வாடவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கியரை எடுத்துவிட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டார். இறங்கி வந்து குச்சியைத் தமயந்தியிடம் நீட்டினார்.

“மேடம், பழசோட தொட்டிக்குள்ள நீங்க ஒரு தரம் விட்டுப் பாருங்க. அது நம்ம வண்டி, நான் பார்த்தா சரியா வராது.”