பூட்டிய கேரம் அறை

கேரம் பவுடர் வாசம் எங்கே வந்தாலும் செல்லக்கிளிக்கு அந்த மதுத் தடுப்பு மையம் ஞாபகம் வந்துவிடும். அங்கே டீ போட்டு, கூட்டிப் பெருக்கியவள் அவள். சாயங்காலம் ஆறு மணிக்கு மூட்டை தூக்கி முடித்த லோடுமேன்கள் வந்து போர்டைச் சுற்றி உட்கார்ந்தால் அறையே அதிரும். என்ன சிரிப்பு, என்ன சண்டை!

அதற்கு வேட்டு வைக்கத்தான் புது இயக்குநராக ஞானதுரை வந்து சேர்ந்தார்.

"கருத்தரங்கு நடத்த வேண்டிய இடத்தில் கேரமா? இதனால் குடிக்காமல் இருக்கிற ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அறையைக் காலி செய்துவிடுவேன்" என்றார்.

படித்த ஊழியர்கள் எல்லாரும் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். நடக்காமல் போனதை எப்படிக் காட்டுவது?

டீயை வைத்தபடியே செல்லக்கிளி சொன்னாள்: "காட்டிரலாம் சார். இன்னைக்குச் சாயங்காலம் நீங்களே அறையைப் பூட்டிட்டு, சாவியோட வாசல்ல நில்லுங்க."

நின்றார். லோடுமேன்கள் வந்தார்கள், பூட்டைப் பார்த்தார்கள். பதினோரு பேரும் தெருமுனை மதுக்கடைப் பக்கம் திரும்பி நடந்தார்கள்.

ஞானதுரை சாவியைத் தூக்கிக் காட்டினார். "ஏப்பா, நில்லுங்க! திறந்துடறேன்!" என்று செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் பின்னாலேயே ஓடினார்.

அவர்களோடு மூச்சிரைக்கத் திரும்பியவரிடம் செல்லக்கிளி செருப்பை நீட்டினாள்.

"ஒரு ஆளைக் காட்டச் சொன்னீங்க சார். நீங்களே பதினோரு பேரைக் கூட்டிட்டு வந்துட்டீங்களே!"

மாற்றலாகிப் போகும்வரை ஞானதுரையும் தினம் ஆறு மணிக்கு ஆட்டத்தில் உட்கார்ந்தார். பாவம், ஒரு நாள்கூடச் சிவப்புக் காயைப் போட்டதில்லை.