ஓட்டைக் கிண்ணம் நிறைந்த கதை

அடியில் ஓட்டை உள்ள ஒரு கிண்ணத்தை, ஓட்டையை அடைக்காமல் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். எப்படி? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

ஓர் அருங்காட்சியகத்தில் பழைய செம்புக் கிண்ணம் ஒன்று இருந்தது. அதன் கீழே, ‘மன்னர் பால் அருந்திய கிண்ணம்’ என்று எழுதி வைத்திருந்தார் காப்பாட்சியர் நடேசமூர்த்தி. ஒருநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட அதைத் தூக்கிப் பிடித்தார். அடியில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

“பேச்சாயி! துலக்குறேன்னு ஓட்டை போட்டுட்டியா? நாளையிலிருந்து வேலைக்கு வராதே!”

துப்புரவுப் பணியாளரான பேச்சாயி துடைப்பத்தைக் கீழே வைத்தாள். “ஐயா, அது செஞ்ச அன்னிக்கே போட்ட ஓட்டை. அது இருந்தாத்தான் கிண்ணம் நிறையும்.”

“ஓட்டைக் கிண்ணம் நிறையுமா? எங்கே, அடைக்காம நிரப்பு பார்ப்போம். நிரப்பிட்டா உன் வேலை உனக்கு!”

பேச்சாயி வாளித் தண்ணீரில் கிண்ணத்தை மிதக்க விட்டாள். ஓட்டை வழியாகத் தண்ணீர் மெல்ல உள்ளே ஏறியது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

“எங்க ஊர் வாய்க்கால்ல இதுதான் கடிகாரம். இது முங்கினதும் ஒருத்தர் மடையை அடைச்சு, அடுத்தவர் வயலுக்குத் திறந்துவிடுவோம்” என்றாள்.

கிண்ணம் விளிம்பு வரை நிறைந்து, ‘களுக்’கென்று மூழ்கியது.

“இதுல பால் குடிச்சிருந்தா மன்னர் வேட்டியெல்லாம் நனைஞ்சிருக்குமே, சார்?” என்றாள் ஐந்தாம் வகுப்பு சங்கவி.

நடேசமூர்த்தி இருமினார். “சரி பேச்சாயி, நாளைக்கும் வா. பிள்ளைகளா, அடுத்து மன்னரின் வாளைப் பற்றி நான் பேசப் போகிறேன்.”

“பேசுங்கய்யா, எத்தனை கிண்ண நேரம்னு அளந்துடலாம்” என்று பேச்சாயி கிண்ணத்தை மறுபடி மிதக்க விட்டாள்.

சங்கவி வாளிப் பக்கமே இருந்துகொண்டாள்.